அலாரத்தின் வாயைப் பொத்தியது யார்?

உடல் முழுக்கக் கருகிப் போயிருந்தது!

முந்நூறு கிலோ இருக்கும். டிரையருக்கு அடியில் கறுப்பாகக் குவிந்து கிடந்தது.

பயப்படாதீர்கள். செத்தது மனுஷன் இல்லை… தேயிலை!

ஆனால் கொடகவெலவுக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் ஓர் ஆள் செத்திருந்தால்கூட தோட்ட மேனேஜர், பெரிய துரை கஜேந்திரன் இவ்வளவு கத்தியிருக்க மாட்டார்.

துஷ்யந்தியின் போன் அடித்தது. திரையில் துரையின் வாட்ஸ்அப் படம். ஆயுத பூசையன்று பெக்டரியில் எடுத்தது. பட்டு வேட்டி, ஒரு கையில் சந்தனக் கிண்ணம், மற்றக் கை எதையோ தொட்டபடி… முகம் முழுக்கச் சிரிப்பு!

இன்றைக்கு அந்தச் சிரிப்பு இல்லை.

"மிஸ்! நீங்க போட்டுக் குடுத்த பெட்டி நல்ல பெட்டி. ஆள்தான் சரியில்ல. நேத்து காலைல ஒரு லோட் தூள் கருகிடுச்சு!"

"அலாரம் அடிக்கலையா சேர்?"

"டிரையர்காரன் அமத்திட்டான். பெட்டியிலயே பதிஞ்சிருக்கு. நீங்க வந்து அத பிரிண்ட் எடுத்து கையெழுத்து வச்சுத் தாங்க. பன்னெண்டு மணிக்கு அவன வேலைய விட்டு நிப்பாட்டி லெட்டர்!"

அந்தப் பெட்டிக்குப் புரோகிராம் எழுதியவள் துஷ்யந்தி. தேயிலையைக் காய வைக்கும் டிரையரின் சூட்டை அதுதான் கவனிக்கும். சூடு கூடினால் ஹோர்ன் அலறும். கறுப்புப் பொத்தானை அமுக்கினால், 'கேட்டுவிட்டேன்' என்று அர்த்தம்… ஹோர்ன் அடங்கும். எல்லாமே மணி, நிமிஷம், செக்கனோடு உள்ளே பதியும்.

பதினொரு மணிக்கு பெக்டரியில் நின்றாள். இன்னும் ஒரு மணி நேரம்தான்!

டிரையர் பக்கத்தில் அருமைநாயகம். இருபத்திரண்டு வருஷமாக அதே டிரையர், அதே மனுஷர்.

"சத்தியமா நான் அமத்தல மிஸ்! ஹோர்ன் சத்தமே வரல. நான் அடுப்புக்கு விறகு போட்டுக்கிட்டு இருந்தேன்."

"விறகு போட வேற ஆள் இருந்தாரே?"

"பெட்டி வந்ததும் அவர நிப்பாட்டிட்டாங்க. எல்லாத்தையும் பெட்டி பாத்துக்குமாம்…" குரல் உடைந்தது. "வேல போனா தோட்டம் குடுத்த லயத்து வீட்டையும் விடணும் மிஸ். மக ஏ.எல். பரீட்ச எழுதப் போறா…"

துஷ்யந்தி பெட்டியின் பக்கம் திரும்பினாள்.

கஜேந்திரன் பெட்டியின் திரையைத் தட்டினார்.

"பாருங்க! சூடு கூடினது பத்து இருவத்திரெண்டு, ஏழு செக்கன். அமத்தினது… அருமைநாயகம்!"

"எத்தன மணிக்கு அமத்தியிருக்கு சேர்?"

"பத்து இருவத்திரெண்டு… ஏழு செக்கன்."

"அதே செக்கன்ல!" துஷ்யந்தி பதிவை மளமளவென்று கீழே இறக்கினாள். "நேத்து மட்டும் ஒம்பது தடவ அலாரம் வந்திருக்கு. ஒம்பது தடவையும் வந்த செக்கன்லயே அமந்திருக்கு. அடுப்பு இங்கயிருந்து நாப்பது அடி. இவர் என்ன, பறந்தா வந்தாரு?"

"அப்ப இவன் பேரு எப்பிடி விழுந்துச்சு?"

"ஷிப்ட் தொடங்கயில டிரையர்காரர் பேர போடுறாங்கல்ல? யார் அமுக்குனாலும் அந்தப் பேர்தான் விழும்."

துரை பெட்டியை வாஞ்சையோடு தடவினார்.

"அனே மிஸ், இதுல பிழையே இல்ல. பூசை போட்ட நாள்ல இருந்து ஒரு தடவகூட கத்தல. அவ்வளவு நல்ல குணம்!"

துஷ்யந்தி திடுக்கிட்டாள்.

"ஒரு தடவகூட கத்தலையா…?"

விறகு அடுப்பின் சூடு ஏறி இறங்கும்; அவள் எழுதிய அலாரம் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது கத்த வேண்டும். ஒரு வாரமாக மௌனம் என்றால்?

பழைய பதிவைத் திறந்தாள். கறுப்புப் பொத்தானுக்கும் அதில் ஒரு கோடு உண்டு. அமுக்கினால் ஏறும். விட்டால் இறங்கும்.

கோடு ஏறியிருந்தது… எட்டு நாளாக இறங்கவே இல்லை!

"சேர்! கொலைகாரன் இன்னும் கைய எடுக்கல!"

குனிந்து பார்த்தாள். பொத்தானின் நட்டநடுவே அழகான சந்தனப் பொட்டு! சந்தனம் ஓரத்து இடுக்கில் இறங்கி, டிரையர் சூட்டில் காய்ந்து இறுகி, பொத்தானை அமுங்கியபடியே பிடித்து வைத்திருந்தது.

பேனா முனையால் சுரண்டினாள். டக்! பொத்தான் வெளியே வந்தது.

சோதனைக்கு ஓர் அலாரத்தைக் கிளப்பினாள்.

ஹோர்ன் அலறியது! கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்றவர்கள்கூட ஓடி வந்தார்கள்.

கஜேந்திரன் விடுவதாக இல்லை.

"அப்ப பொட்டு வச்சதும் இவன்தான்!"

"நான் வேதக்காரன் தொர, சேர்ச்சுக்குப் போறவன்," என்றார் அருமைநாயகம். "பூசையன்னிக்கு நான் வேலைக்கே வரல. மகள கூட்டிக்கிட்டு இரத்தினபுரிக்கு போயிட்டேன்."

"சரி! பொத்தான் ஒட்டிக்கிட்டா ஹோர்ன் ஊமையாகிருமா? அப்படி புரோகிராம் எழுதுன மடையன் யாரு?"

எழுதியவள் துஷ்யந்திதான். சொன்னால் அவளுடைய கம்பனியிலும் ஒரு லெட்டர் தயாராகும். பேசாமல் இருந்துவிடலாம்…

அருமைநாயகத்தின் முகத்தைப் பார்த்தாள்.

"நான்தான் சேர். பொத்தான் அமுங்குற அந்த ஒரு செக்கன மட்டும்தான் கணக்குல எடுக்கணும். அமுங்கியிருக்கிற நேரமெல்லாம் 'கேட்டுட்டேன்'னு எடுக்கிற மாதிரி எழுதிட்டேன். பாதிக் குத்தம் என்னோடது. எழுதியே தாறேன்."

"மத்தப் பாதி?"

"கோடு ஏறினது பூசையன்னிக்கு, காலைல பத்து பதினாலுக்கு. அந்த நேரம் பொத்தான் மேல யாரு வெரல் இருந்துச்சுன்னு…"

போனை எடுத்தாள். யாருக்கோ அழைத்தாள்.

துரையின் சட்டைப் பையில் மணி அடித்தது!

துஷ்யந்தி தன் போனைத் திருப்பிக் காட்டினாள். பட்டு வேட்டி. சந்தனக் கிண்ணம். முகம் முழுக்கச் சிரிப்பு. அழைப்பைத் துண்டித்து, படத்தைத் தொட்டுப் பெரிதாக்கினாள். துரையின் மற்றக் கை விரல்… கறுப்புப் பொத்தான் மேல்! பின்னால் பெட்டியின் திரையில் மணி… 10:14!

கஜேந்திரன் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டாக மூன்று நிமிஷம். மேசையிலிருந்த லெட்டரை எடுத்தார். நாலாகக் கிழித்தார்.

"ஹரி… ஹரி… சரி, நாளையில இருந்து அடுப்புக்கும் ஒரு ஆள் போடுறேன். போய் வேலையப் பாரு." பிறகு குரல் இறங்கியது. "நான் நல்லதுக்குத்தானே வச்சேன்…"

அருமைநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

"நான் வேதக்காரன் தொர, எனக்கு இதெல்லாம் சரியா தெரியாது… ஆனா பொட்ட நெத்தியிலதான வைப்பாங்க? வாயில வைக்க மாட்டாங்களே!"