பத்திரிகை திறந்த பூட்டு

"அய்யய்யோ...! மேடம்...! ஓடி வாங்க!"

ரோஸ்மேரி போட்ட அலறலில் இந்துமதியின் கையிலிருந்த டீ சுடிதாரில் கொட்டியது.

சூடு உறைக்கக்கூட நேரமில்லை. ஓடினாள்.

ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் ரோஸ்மேரியின் கம்ப்யூட்டர் திரை கறுத்துக் கிடந்தது. நடுவே சிவப்பு எழுத்துகள்.

'உங்கள் ஃபைல்கள் அத்தனையும் பூட்டப்பட்டுவிட்டன. சாவி எங்களிடம். காத்திருங்கள்!'

"என்னத்தைத் தொட்டே?"

"சத்தியமா ஒண்ணையும் தொடல மேடம்! வந்து உக்காந்தேன், இப்படிக் கெடக்கு!"

க்ளவுடில் இருந்த அத்தனையும் போயிருந்தது. பேட்டர்ன், பிரின்ட் டிசைன், அளவு... எல்லாம்! பேட்டர்ன் இல்லாமல் துணியை வெட்ட முடியாது. கட்டிங் டேபிள்கள் நின்றுவிட்டன. ஜெர்மனிக்குப் போக வேண்டிய டி-ஷர்ட் ஆர்டர் அந்தரத்தில்!

இந்துமதிக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

இந்த பனியன் கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்குக் காவல் அவள்தான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். ஆளுக்கொரு லாகின் கொடுங்க... தனியா ஒரு பேக்கப் வாங்குங்க...

முதலாளி கிட்டுசாமி காதில் போட்டுக்கொண்டால்தானே!

"எதுக்கு அம்மிணி அதெல்லாம்? எல்லாம் நம்ம பசங்கதானே!"

விளைவு? கம்பெனி முழுக்க ஒரே லாகின். வெளியே ஜாப் ஒர்க் செய்யும் சாயப் பட்டறை, பிரின்டிங், எம்பிராய்டரிக்காரர்களுக்கும் அதே லாகின். அவள் சண்டை போட்டு வாங்கியது ஒன்றே ஒன்றுதான். புதுக் கம்ப்யூட்டரிலிருந்து யார் நுழைந்தாலும் முதலாளியின் போனுக்கு ஓடிபி வரும். அந்த போனோ அவருடைய சட்டைப் பையை விட்டு இறங்காது.

அதையும் தாண்டி எவனோ நுழைந்திருக்கிறான்!

கதவு படாரென்று திறந்தது.

கிட்டுசாமி. பின்னால் அவர் மகன் நித்தீஷ். அவனுக்கும் பின்னால்... இன்ஸ்பெக்டர் வீரணன்!

"இவதான் சார்!" நித்தீஷ் விரலை நீட்டினான். "ஓடிபியைத் தாண்டத் தெரிஞ்ச ஒரே ஆளு இவதான். கூட்டிட்டுப் போய் விசாரிங்க!"

"பூட்டுப் போடுங்க, பூட்டுப் போடுங்கன்னு கெஞ்சினவளே நான்தானுங்க சார்!"

"பூட்டத் தெரிஞ்சவளுக்கு உடைக்கத் தெரியாதா?" நித்தீஷ் விடவில்லை.

கிட்டுசாமி சோபாவில் தொப்பென்று விழுந்தார். "ஏன் அம்மிணி... உன்னைய ஊட்டுப் புள்ளையாட்டத்தானே நெனைச்சிருந்தேன்? இப்படிப் பண்ணிப்போட்டியே!"

இத்தனை நாள் கத்தியதற்குக் கூலி, கைவிலங்கா?

வீரணன் மீசையைத் தடவினார். "கொஞ்ச நேரம் தர்றேன்மா. நீ இல்லேன்னா யாருன்னு காட்டு. முடியலேன்னா ஜீப்புல ஏறு."

"நான் போய் டெய்லருங்களைச் சமாளிக்கிறேன்..." நித்தீஷ் வெளியேறினான்.

இந்துமதியின் விரல்கள் கீபோர்டில் பறந்தன. எந்தக் கம்ப்யூட்டர், எப்போது நுழைந்தது... இதோ!

"சார்! நேத்து சாயங்காலம் ஒரு புது கம்ப்யூட்டர். சரியான ஓடிபி போட்டுத்தான் உள்ள வந்திருக்காங்க. ஐயா, ஓடிபியை யாருக்குங்க சொன்னீங்க?"

"ஒருத்தருக்கும் சொல்லலையே!"

"போனைக் குடுங்க."

வாட்ஸ்அப்பைத் திறந்தவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"இதென்னங்க ஐயா?"

"கல்யாணப் பத்திரிகை. ஏதோ புது நம்பர்லேருந்து வந்துச்சு. மடத்துக்குளம் ஆத்தப்பன் ஊட்டுக் கல்யாணம்னு போட்டிருந்துச்சு. தொறந்தா என்னென்னமோ கேட்டுச்சு. ஓகே, ஓகேன்னு அமுக்கினேன். ஒண்ணும் வரலை."

"ஓகே ஓகேன்னு... கடவுளே! இது பத்திரிகை வேஷம் போட்ட ஆப்புங்க! உங்களுக்கு வர்ற மெசேஜ் எல்லாத்தையும் திருடனுக்கு ஓதியிருக்கு!"

"பத்திரிகை வந்தா தொறக்காம இருக்க முடியுமா கண்ணு? நாளைக்கு ஆத்தப்பன் மூஞ்சில எப்படி முழிக்கறது?"

"அது சரி... இதைப் பங்காளிங்க குரூப்புக்கு எதுக்குங்க ஃபார்வர்டு பண்ணினீங்க?"

"நமக்கு மட்டும் சொல்லி, அவங்களுக்குச் சொல்லாம உட்டுட்டான்னு ஆயிட்டா மனத்தாங்கல் வந்துருமல்லோ!"

வீரணன் சிரிப்பை அடக்க இருமினார்.

இந்துமதி குரூப்பை மேலும் கீழும் தள்ளினாள். பத்திரிகைக்குக் கீழே சொந்தக்காரர்கள் வரிசையாகப் புலம்பியிருந்தார்கள். 'திறக்கலீங்களே மாமா!' 'எந்த மண்டபம்னே தெரியலீங்க!' அத்தனை பேரும் அமுக்கியிருக்கிறார்கள்.

ஒரே ஒருத்தனைத் தவிர.

அந்த ஒருத்தன் அப்போதுதான் உள்ளே வந்தான்.

இந்துமதி அவனை நேராகப் பார்த்தாள். "நித்தீஷ் சார்... மடத்துக்குளம் பத்திரிகை வந்துச்சே, நீங்க பாக்கலீங்களா?"

"அதையெல்லாம் நான் ஏன் இன்ஸ்டால் பண்றேன்?"

இந்துமதி போனை வீரணனிடம் நீட்டினாள்.

"பத்திரிகையைப் படிப்பாங்க தம்பி," வீரணன் மெதுவாக எழுந்தார். "இன்ஸ்டால் எங்கேருந்து வந்துச்சு?"

"அது... பாத்தாலே தெரியும் சார்... வைரஸ்னு..."

"தெரிஞ்சும் அப்பாகிட்ட ஏன் சொல்லலை?"

நித்தீஷின் முகம் வெளிறியது. பிறகு வெடித்தான்.

"ஆமா! அந்தப் பத்திரிகையை அனுப்பினதே நான்தான்! எம்.டி.ன்னு சேர்ல உக்கார வெச்சீங்களே, ஒரு முடிவாச்சும் எடுக்க உட்டீங்களாப்பா? ஊரெல்லாம் உங்க பேச்சுத்தான்! இன்னைக்கு நானே பூட்டைத் தொறந்து உட்டுட்டு, 'நித்தீஷ் இல்லேன்னா கம்பெனியே இல்லை'ன்னு உங்க வாயாலயே சொல்ல வைக்கலாம்னு..."

"அதுக்கு ஒரு பொட்டப் புள்ளைய ஜெயிலுக்கு அனுப்புவியாடா?" கிட்டுசாமியின் கை ஓங்கியது. பாதியில் தளர்ந்து இறங்கியது. "சரி... தொறந்து தொலை!"

நித்தீஷ் லேப்டாப்பைத் திறந்தான். தட்டினான். மறுபடி தட்டினான். வியர்த்தான்.

"அப்பா... சாவியை ஒரு ஃபைல்ல வெச்சிருந்தேன்..."

"எடு!"

"அந்த ஃபைலும் அதே க்ளவுட்லதான் இருந்துச்சு. அதுவும்... பூட்டிக்கிச்சு!"

"அட, கூறு கெட்டவனே!"

ரோஸ்மேரி மெல்லத் தொண்டையைச் செருமினாள்.

"மேடம்... ஏச மாட்டியளே?"

"சொல்லித் தொலை!"

"சேவூர் பிரின்டிங்காரவ, எம்பிராய்டரிக்காரவ எல்லாரும் நம்ம ஃபைல் மொத்தத்தையும் அவங்கவங்க கம்ப்யூட்டர்ல இறக்கி வச்சிருக்காவ. நீங்க சத்தம் போடுவியன்னுதான் சொல்லல. போன் போட்டா இப்பவே அனுப்பிருவாவ."

கிட்டுசாமி சோபாவிலிருந்து துள்ளி எழுந்தார். முகமெல்லாம் பல்!

"பாத்தியா அம்மிணி! பாஸ்வேர்டை ஊருக்கே குடுத்து வெச்சதுனாலதான் இன்னைக்குத் தப்பிச்சோம்! இனி சாயப் பட்டறைக்காரன் மச்சானுக்கும் ஒண்ணு குடுத்து வெச்சிரலாம்!"

நித்தீஷை இழுத்துக்கொண்டு புறப்பட்ட வீரணனின் முன்னால் இந்துமதி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"என்னையும் ஜீப்புல ஏத்திக்குங்க சார்! உங்க லாக்கப்புலயாச்சும் ரூமுக்கு ஒரு பூட்டு தனியா இருக்குமில்லீங்க!"