அசையாதீங்க

எதிரே வண்டி இல்லை. குறுக்கே நாய் இல்லை. வேகமும் இல்லை... ஆனாலும் அவன் விழுந்தான். அதுவும் யார்? ஈரச் சாலையில் பைக்கைப் பத்திரமாக ஓட்டுவது எப்படி என்று வகுப்பெடுக்கக் கிளம்பிய மாஸ்டர். வளைவில் ஒட்டிக் கிடந்த சருகுகள் சக்கரத்தை வாரிவிட்டன. வண்டி ஒரு பக்கம் போனது, அவன் ஒரு பக்கம் போனான்.

கையுறை, ஹெல்மெட், தடித்த ஜாக்கெட் எல்லாம் இருந்ததால் ஒரு சிராய்ப்புகூட இல்லை. மானம்தான் போயிற்று. யாராவது பார்ப்பதற்குள் எழுந்துவிட வேண்டும் என்று முழங்கையை ஊன்றினான்.

“அசையாதீங்க.”

இரண்டு கைகள் ஹெல்மெட்டை இருபுறமும் கெட்டியாகப் பிடித்தன. அதன் முன்கண்ணாடி மேலே தள்ளப்பட்டது. தலைகீழாக ஒரு முகம்... அதில் இரண்டு கண்கள். பயந்த கண்கள்தான், ஆனால் என்ன பிடிவாதம். தலைகீழாகப் பார்க்கும்போதே இவ்வளவு அழகா என்று அவனுக்கு மூச்சு முட்டியது.

“எனக்கு ஒண்ணும் இல்லைங்க.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. கழுத்துல அடிபட்டிருந்தா உடனே தெரியாது.”

“ஹெல்மெட்டையாவது கழட்டிக்கிறேனே...”

“தொட்டீங்கன்னா பாருங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. இன்னைக்கு என்ன கிழமை?”

“சனி. எனக்கு வகுப்பு இருக்கு.”

“என்ன வகுப்பு?”

“பைக்... எப்படி ஓட்டுறதுன்னு.”

“கத்துக்கப் போறீங்களா?”

“கத்துக்கொடுக்கப் போறேன்.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

“சிரிக்காதீங்க, என் தலை ஆடுது” என்றான் அவன்.

தூரத்தில் பைக்குகளின் சத்தம் கேட்டது. அவனுடைய மாணவர்கள் இந்த வழியாகத்தான் வருவார்கள். இப்போதே எழுந்தால் தப்பிக்கலாம்... எழப் போனவன் பாதியிலேயே நிறுத்திக்கொண்டான். அவள் சிரிப்பு எப்போதோ அடங்கிவிட்டிருந்தது. கைகள் மட்டும் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன.

“எங்க அண்ணன் விழுந்தப்ப நல்லவங்கதான் சுத்தி நின்னாங்க” என்றாள் மெல்ல. “ஹெல்மெட்டை இழுத்துக் கழட்டி, தூக்கி உட்கார வெச்சு, தண்ணி கொடுத்தாங்க. பக்கத்துல நின்ன எனக்கும் ஒண்ணும் தெரியல. அண்ணன் வீட்டுக்கு வரவே இல்லை... அதுக்கப்புறம்தான் முதலுதவி கத்துக்கிட்டேன்.”

அவன் ஊன்றிய முழங்கையை எடுத்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொண்டான். மானம் போனால் போகட்டும்.

மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். “மாஸ்டர், விழுந்துட்டீங்களா?”

“இல்லப்பா, சும்மா படுத்திருக்கேன்.”

“அவரைப் பேச வைக்காதீங்க” என்று அவள் அதட்ட, அத்தனை பேரும் கை கட்டி நின்றார்கள். மழை மறுபடி தூறியது. அவன் முகம் நனையாமல் அவள் குனிந்துகொண்டாள். தூறல் முழுக்க அவள் முதுகில் விழுந்தது... அவனுக்கு ஆம்புலன்ஸ் வரவே வேண்டாம் போல இருந்தது.

வந்துவிட்டது. ஊழியர் கழுத்தைச் சோதித்துப் பார்த்தார். “நீங்க செஞ்சது ரொம்பச் சரிம்மா. ஆனா சார் இந்நேரம் எந்திரிச்சு ஆடியே இருக்கலாம்.”

அவள் அவனை நேராகப் பார்த்தாள். “உங்களுக்கு அது தெரியுமா?”

பொய் வரவில்லை. “தெரியும்.”

“அப்ப என்மேல பரிதாபப்பட்டுப் படுத்திருந்தீங்க.”

நனைந்த கைப்பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பெயர் இருந்தது. அவ்வளவு நேரம் அதைத் தலைகீழாகப் படித்து மனப்பாடமே ஆகிவிட்டது அவனுக்கு. இரண்டு நாள் தவித்துவிட்டு, கண் பரிசோதனை என்று போய் உட்கார்ந்தான்.

“கடைசி வரியைப் படிங்க” என்றாள் அவள், யாரோ எவரோ போல.

“மன்னிச்சுடுங்க.”

“அங்க அப்படி எழுதலையே.”

“எனக்கு அப்படித்தான் தெரியுது.”

“அப்ப பார்வை ரொம்ப மோசம்.” முறைத்தாள்... ஆனால் உதட்டோரம் ஏதோ நெளிந்ததே.

“நான் ஓட்ட மட்டும்தான் சொல்லித்தர்றேன்” என்றான் அவன். “விழுந்தவனை எப்படிப் பிடிக்கணும்னு என் பசங்களுக்குத் தெரியாது. உங்க அண்ணனைச் சுத்தி நின்னவங்க மாதிரிதான் அவங்களும் நிப்பாங்க. ஒரு நாள் வந்து சொல்லித்தர்றீங்களா?”

அவள் அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

ஆனால் சனிக்கிழமை வந்துவிட்டாள். பயிற்சிக் கூடத்தில் அடிபட்டவராக நடிக்க, ஹெல்மெட்டோடு தரையில் படுத்தவர் சாட்சாத் மாஸ்டரேதான். அவள் மண்டியிட்டு அவன் தலையைப் பிடித்தாள். மாணவர்கள் சுற்றி நின்றார்கள்.

“முதல்ல கேள்வி கேட்கணும். எங்க வலிக்குது?”

“வலியெல்லாம் இல்லை. ஒண்ணு சொல்லணும்.”

“அடிபட்டவர் ரொம்பப் பேசக் கூடாது.”

“அன்னைக்கு முதல்ல உங்க கை நடுங்குச்சேன்னுதான் படுத்திருந்தேன்... ஒத்துக்கிறேன். அப்புறம் மழை வந்துச்சு, நீங்க குனிஞ்சீங்க. அதுக்கப்புறம் எனக்காகத்தான் படுத்திருந்தேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”

மேலே நல்ல கூரை... ஆனாலும் அவன் கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்தது.

“அக்கா, இப்ப ஆம்புலன்ஸுக்குச் சொல்லணுமா?” என்று கேட்டான் ஒரு மாணவன், போனைக் கையில் வைத்துக்கொண்டு.

“வேணாம்” என்றாள் அவள். “இவர் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்... எனக்கும் பிடிச்சிருக்கு.”

சந்தோஷத்தில் அவன் தலையைத் தூக்கப் பார்த்தான். அந்தக் கைகள் விடவில்லை. இந்த முறை அவை நடுங்கவும் இல்லை.

“அசையாதீங்க.”