மூன்றாம் மாடியில் குறையாத பீப்பாய்

கென்டக்கியில் எங்கள் விஸ்கிக் கிடங்குக்கு அரசாங்கம் அனுப்பிய புது அளவுக்காரர் டில்ஃபோர்ட் வந்தது ஒரு ஆகஸ்ட் மத்தியானம். கிடங்குக் கதவில் இரண்டு பூட்டு. ஒன்று முதலாளி ஸ்டாம்பருடையது, இன்னொன்று அரசாங்கத்துடையது. இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். ஒருத்தரை ஒருத்தர் நம்பாத ஏற்பாடு. பீப்பாய் உருட்டுகிற நான் ரெண்டு பேரையுமே நம்பினதில்லை.

முன்பு இருந்த அளவுக்காரர் ஏஸா புரூயிட். பீப்பாயைக் கோலால் மூன்று தட்டுத் தட்டுவார். பிறகுதான் தக்கையைப் பிடுங்கி அளப்பார். முதலாளி விஸ்கியில் தண்ணீர் கலந்ததை அவர் கண்டுபிடித்தார். மறுவாரமே ஆளைக் காணோம். மிசௌரிக்கு ஓடிவிட்டான் என்றார் முதலாளி. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அது நடந்து நாலு வருஷம்.

மூன்றாம் மாடியில் வெக்கை. அழுகின பழ வாசனை. நானும் டில்ஃபோர்டும் மட்டும். அவர் ஒரு பீப்பாயில் கோலை விட்டார்.

"லெம், இங்க வாடா. மத்ததெல்லாம் காத்துல வத்தி ஒரு சாண் இறங்கியிருக்கு. இது மட்டும் விளிம்பு வரைக்கும் நிக்குதே?"

வருஷக்கணக்காக நாணல் குழாய் விட்டு நான் திருட்டுத்தனமாக உறிஞ்சியது அந்தப் பீப்பாயில்தான். எவ்வளவு குடித்தாலும் குறையாது. அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன்.

கோல் எதிலோ மெத்தென்று இடித்தது.

வெளியே எடுத்தார்.

நுனியில் நரைத்த முடி.

மேல்மூடியைப் பெயர்த்தோம். முழங்காலைக் கட்டிக்கொண்டு உள்ளே புரூயிட். தோல் ஊறி வெளுத்து, ஈரக் காகிதம் மாதிரி உரிந்து மிதந்தது. கழுத்தில் பழைய அரசாங்கச் சாவி. நான் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன்.

முதலாளி மேலே வந்தார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"துணியில வடிகட்டு. சட்டம் கேக்குற நாலு வருஷம் முடிஞ்சாச்சு. முத்திரை போட வேண்டியதுதானே?"

"வேணாங்க ஐயா, தரையில கொட்டிடுங்க. உங்க காலைப் பிடிக்கிறேன்."

"ஏன்டா, நீதான் குடிச்சிருக்கியே. செத்தா போயிட்ட?"

நான் டில்ஃபோர்டைப் பார்த்தேன். அவர் முதலாளியின் சட்டைப்பையைப் பார்த்தார்.

"வயசு சரியா இருக்கா, வீரியம் சரியா இருக்கான்னுதான் சட்டம் கேக்குது, லெம். உள்ள என்ன கிடந்துச்சுன்னு கேக்கல" என்றார்.

புரூயிட்டைப் பன்றிப் பட்டிக்குப் பின்னால் புதைத்தார்கள். விஸ்கியைப் பாட்டிலில் அடைத்து, அரசாங்கப் பச்சை முத்திரை ஒட்டி அனுப்பினார்கள். அதை நிறுத்தத்தான் ஷெரீஃபிடம் ஓடினேன். கிளம்புறதுக்கு முன்னால் ரெண்டு வாரம் தயங்கியது என் தப்பு. அவர் மேசையில் பச்சை முத்திரைப் பாட்டில். பாதி காலி.

"நல்ல சரக்கு, லெம். உக்காரு."

அதற்குப் பிறகு நான் ஒரு சொட்டும் தொட்டதில்லை. இப்போது வயது எழுபத்தெட்டு. ஆனால் சாப்பிட உட்காரும்போதெல்லாம் விலாவுக்கு உள்ளேயிருந்து ஒரு சத்தம் வரும்.

டொக். டொக். டொக்.

அவ்வளவுதான். இத்தனை வருஷமும் அதற்கு மேல் போனதில்லை.

இன்று காலை சோள ரொட்டியைப் பிட்டேன். மூன்று தட்டு. கொஞ்சம் அமைதி.

பிறகு தொண்டைக்குழியில், தக்கையைப் பிடுங்குகிற சத்தம்.