முதல் வீட்டில் சொல்ல வேண்டிய சேதி

க்ரோவா வீட்டு வைக்கோலுக்குள் கெத்தில் என்பவன் ஒளிந்திருந்தான். பக்கத்துப் பண்ணையில் கவிஞர் தோர்லெய்க்கிடம் வேலை பார்த்தவன் அவன். ஐஸ்லாந்து முன்னோர்களின் கதைகளையெல்லாம் எழுதி வைத்தவர் அந்தக் கவிஞர். கடலுக்கு அப்பால் இருந்த ராஜாவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ராஜாவின் ஏவலால், கவிஞரின் பழைய மருமகன் ஓர்ம் அவரை நிலவறையில் வைத்துக் கொன்றுவிட்டான்.

ஆயுதமில்லாத கிழவரைக் கொன்றதாகச் சொன்னால் ஊர் காறித் துப்பும். அதனால் பழியைக் கெத்தில் தலையில் கட்டப் பேசியிருந்தார்கள். அது காதில் விழுந்ததும் அவன் ஓடி வந்துவிட்டான்.

அந்த வீட்டுச் சிறுமி க்ரோவாவுக்குப் பத்து வயது. தோர்லெய்க் தாத்தா மடியில் கதை கேட்டு வளர்ந்தவள். கெத்தில் சொன்னதைக் கேட்டு அழக்கூட நேரமில்லை. அதற்குள் ஓர்மும் அவன் ஆட்களும் குதிரைகளில் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள்.

வந்தவருக்கு மோர் கொடுத்து, சேதி கேட்பது அங்கே வழக்கம். க்ரோவா மோரைச் சிந்தாமல் நீட்டினாள். அம்மா அருகில் நின்றாள்.

"என்ன சேதி ஐயா?" என்று கேட்டாள் க்ரோவா.

"ஒண்ணுமில்ல. கெத்தில் இங்க வந்தானா?" என்றான் ஓர்ம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவரைக் கொன்றவன், வழியில் வரும் முதல் வீட்டில் அதைச் சொல்லிவிட வேண்டும். மறைத்துப் போனால் அவனுக்கு மன்னிப்பே கிடையாது.

"அங்கிருந்து வந்தா எங்க வீடுதான் முதல் வீடு. சொல்ல வேண்டியது இருந்தா இங்கேயே சொல்லிடுங்க ஐயா. மறைச்சிட்டுப் போறவன் பேரைத் தோர்லெய்க் தாத்தா எழுத மாட்டாரு. கோழைன்னு மட்டும்தான் எழுதுவாரு" என்றாள் க்ரோவா.

ஓர்மின் ஆள் ஒருவன் சிரித்தான். "இனிமே எவன் எழுதப் போறான்?"

"இனிமே தாத்தா எழுத மாட்டாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

 முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்து, சிரித்தவனே சோற்றை விலக்கிக் காட்டிவிட்டான். ஓர்ம் அவனை முறைத்தான். பிறகு அம்மாவையும் மகளையும் பார்த்தான். கோழை என்ற சொல் அவனை எங்கோ சுட்டிருக்க வேண்டும்.

"தோர்லெய்க்கைக் கொன்னது நான்தான். இந்த ஓர்ம்தான்."

"ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டோம். எந்தச் சபையில கேட்டாலும் சொல்லுவோம்" என்றாள் அம்மா.

மோரைக் குடிக்காமலே அவர்கள் போய்விட்டார்கள்.

கெத்தில் தலையெல்லாம் வைக்கோலோடு வெளியே வந்தான். பெரிய ஆட்டுக்கிடா மாதிரி இருந்தான். க்ரோவாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் தாத்தாவை நினைத்து வாய்விட்டு அழுதாள்.