காய்ச்சலுக்குக் கட்டிய பாப்பிரஸ்

கண்ணாடியின் உட்புறத்தில் ஈரம் பூத்திருந்தது.

லவினியா சுவரிலிருந்த ஈரப்பதமானியைப் பார்த்தாள். அறை காய்ந்துதான் இருந்தது. பாப்பிரஸ் என்ற பழைய எகிப்திய நாணல் தாளின் துண்டுகளை மூடியிருக்கும் கண்ணாடித் தகடுகளை மாற்றுவது பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை. இன்றைய துண்டு உள்ளங்கை அளவுகூட இல்லை. குறுக்கும் நெடுக்குமான நார்களின் மேல் கரி மையில் கிரேக்க எழுத்தில் யோவான் நற்செய்தியின் ஆறு வரிகள். எகிப்தில் யாரோ ஒரு காய்ச்சல்காரரின் கழுத்தில் ஆயிரத்தைந்நூறு வருடங்களுக்கு முன் தாயத்தாகக் கட்டிவிட்டது, பழைய வைக்கோலின் மணத்தோடு கிடந்தது. அவர் பிழைத்தாரா என்று குறிப்பேட்டில் இல்லை.

ஜெர்மனியின் ஹம் நகரில் இருந்த அம்மாவுக்குப் பதினோராவது நாளாகக் காய்ச்சல். இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் பிடிபடவில்லை. மதியம் அம்மா தொலைபேசியில் வந்தாள்.

“டொக்டரிட்டத் தெர்மின் வெள்ளிக்கிழமைதானாம், அதுக்கு முன்னம் பாக்க நேரமில்லையாம். அதுவரைக்கும் நான் தாங்கமாட்டன். உன்ர மேசையில வேதம் கிடக்கெல்லே? தொட்டு முத்தி செய்துபோட்டு, அந்தக் கையை என்ர நெத்தியில வை.”

“அதைத் தொட ஏலாது அம்மா.”

“அப்ப நீ படிச்ச கெமிஸ்ரியை வந்து காய்ச்சலுக்குச் சொல்லிக் குடு.”

நாலு மணிக்கே ஜன்னல் கறுத்தது. மற்றவர்கள் கோப்பி குடிக்கப் போயிருந்தார்கள். மேல் கண்ணாடியைத் தூக்கி வைத்துவிட்டு லவினியா கையுறையைக் கழற்றினாள். பெரிய வெள்ளியன்று சிலுவைக்குச் செய்வதுபோல விரல் நுனியால் தொட்டு, விரலை உதட்டில் வைத்தாள்.

துண்டு சூடாக இருந்தது.

ரயிலில் அந்தக் கையை மடியில் மல்லாத்தி வைத்தபடியே வந்தாள். எதிலும் படவிடவில்லை. விரலிலிருந்து முழங்கை வரை மெல்ல மெல்லக் குளிர் ஏறியது.

அம்மாவின் நெற்றி கொதித்தது. லவினியா கையை வைத்தாள். கொதிப்பு நின்றது.

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். “பாத்தியே! காய்ச்சல் போட்டுது. பசிக்குது பிள்ளை. இடியப்பம் இருக்கே?”

லவினியா அழுதுகொண்டே சூடாக்கிக் கொடுத்தாள். அம்மா மூன்று தட்டு சாப்பிட்டாள். ஊர்க் கதை சொன்னாள். சிரித்தாள்.

லவினியா வெப்பமானியை அவள் கக்கத்தில் வைத்தாள்.

34.1.

மறுபடி வைத்தாள். எண் வரவில்லை. அளவுக்குக் கீழே என்ற குறி மட்டும் மின்னியது.

தன் கக்கத்தில் வைத்துப் பார்த்தாள். 36.8. கருவி சரி.

அம்மாவின் கழுத்தைப் பார்த்தாள். நரம்பு துடிக்கவில்லை. நெஞ்சு ஏறவில்லை. இறங்கவில்லை.

“என்ன அப்பிடிப் பாக்கிறாய்? எனக்குச் சுகம்தானே.”

அம்மா அவள் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் மறுபடி வைத்தாள். இரண்டு கைகளாலும் அழுத்தினாள். சுவரைத் தொட்டதுபோல இருந்தது.

“விடுங்கோ அம்மா.”

“கொஞ்ச நேரம், பிள்ளை. சூடு நல்லாயிருக்கு.”

லவினியாவின் கக்கத்தில் இன்னும் வெப்பமானி இருந்தது. 36.1. 35.4.

அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு விடாமல்.

34.7.

லவினியா கையை இழுத்தாள். வரவில்லை.