சட்டத்துக்குள் கோத்த கைகள்

படச்சட்டத்துக்குள் இருந்த லஸ்ஸாதின் சட்டை மட்டும் நனைந்திருந்தது.

ஒரு சாண் உயரப் பொம்மைதான், ரவ்தா தன் கையால் செய்தது. கடலோர ஜர்ஸீஸ் ஊரில் ஒரு கல்யாணம், ஒரு பிள்ளைப்பேறு என்றால் சுவரில் மாட்டும் பெயர்ப் படத்துக்கு அவளிடம்தான் வருவார்கள். ஃபெல்ட் துணியில் உடம்பு வெட்டி, கம்பளி நூலில் முடி வைத்து, பாசியும் சமிக்கியும் பசையைச் சூடாக்கி உமிழும் குளூ கன்னால் ஒட்டி, கீழே வண்ண வண்ணமாகப் பெயரெழுதிக் கொடுப்பாள். ஊருக்கெல்லாம் செய்தவள் சொந்த வீட்டுக்கென்று செய்தது இது ஒன்றுதான். புருஷன் லஸ்ஸாத் இத்தாலிக்குக் கள்ளப் படகேறிய மறுநாள், மகள் ஷிராஸின் அழுகையை நிறுத்தச் செய்தது. நடுவில் ஷிராஸ், இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் அம்மா, மூவரும் கைகோத்து. "கையை மட்டும் விடவே கூடாது உம்மி, நல்லா ஒட்டு" என்று ஷிராஸ் அம்மாவின் பக்கத்தில் நின்று வேலை வாங்கினாள். அப்பா பொம்மைக்கு அவன் கழற்றிப்போட்டுப் போன நீலச் சட்டையிலிருந்தே ஒரு துண்டு வெட்டினாள் ரவ்தா.

அவன் போய்ப் பல நாளாகியும் ஃபோன் வரவில்லை; அந்தத் துண்டுதான் இப்போது கருத்துக் கனத்துக் கிடந்தது. சுவரைத் தடவிப் பார்த்தாள், காய்ந்திருந்தது. மழை பெய்து மாசக்கணக்காகிறது. விரலை நாக்கில் வைத்ததும் கரித்தது.

சாயங்காலம் அடுத்த வீட்டு நாத்தனார் நஜ்வா வந்தாள்.

"என்னடி, கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்க?" என்றவள், சொன்னது என்னவென்று உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஃபோன் வரும்டி. என் தம்பியைத் தெரியாதா உனக்கு? சோம்பேறி. நல்லாத் தின்னு தூங்கி எழுந்துதான் கூப்பிடுவான்."

"அக்கா, இதைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க."

நஜ்வா பொம்மையைத் தொட்டாள். "உன் வீட்டு ஃபிரிட்ஜுதான் ஒழுகும்னு நெனச்சேன், படமுமா?" என்று சிரித்தவள் விரலை மோந்து பார்த்தாள். மீதிச் சிரிப்பு வரவில்லை. துப்பட்டாவில் விரலைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"கழட்டி வெளிய வச்சிடு ரவ்தா."

"வெளிய வச்சா அவருக்கு..."

நஜ்வா தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனாள்.

ரவ்தா முடி உலர்த்தும் மெஷினை வைத்துப் பொம்மையைக் காய வைத்தாள். வெள்ளையாக உப்புப் பூத்தது, கொஞ்ச நேரத்தில் மறுபடி கருத்தது. அடுத்த நாட்களில் ஈரம் நகர ஆரம்பித்தது. சட்டையிலிருந்து கைக்கு, கையிலிருந்து விரலுக்கு, கோத்திருந்த விரல் வழியாக ஷிராஸ் பொம்மையின் உள்ளங்கைக்கு. கடற்கரையில் ஒதுங்கி வெயிலில் அழுகும் பாசியின் வாடை ஜன்னலைத் திறந்தாலும் போகவில்லை. மதியத் தூக்கத்திலிருந்து எழுந்த ஷிராஸின் வலது கை சில்லிட்டிருந்தது. நாளெல்லாம் துணி துவைத்தவள் கைபோல விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"பாபா கை ஏன் உம்மி இப்படிச் சில்லுனு இருக்கு?" என்று தூக்கக் கலக்கத்தில் கேட்டாள்.

ரவ்தா கத்தரியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். கோத்த கையை வெட்டினால் அவனைத் தானே தண்ணீரில் தள்ளிவிட்டதாக ஆகிவிடும். அவன் இன்னும் எங்கோ உயிரோடு, ஏதோ பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்தால்? ஆனால் ஈரம் குழந்தைப் பொம்மையின் முழங்கையைத் தாண்டிவிட்டது. ஷிராஸ் இருமினாள். தலையணையில் மணல் கிடந்தது.

வெட்டினாள்.

அப்பா பொம்மை சட்டத்தின் அடியில் குப்புற விழுந்தது. "மன்னிச்சிடுங்க லஸ்ஸாத், மன்னிச்சிடுங்க" என்று சுவரில் நெற்றியை வைத்து அழுதாள். ஆனால் பிள்ளையின் கை கதகதப்பானது. இருமல் நின்றது. ராத்திரி கிண்ணம் நிறைய குஸ்குஸ் தின்றுவிட்டு இன்னும் வேண்டுமென்றாள் ஷிராஸ். அவளை அணைத்துக்கொண்டு ரவ்தா அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள்.

மறுநாள் உச்சி வெயில். தெருவே கதவடைத்துத் தூங்கியது. அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த ரவ்தாவுக்குச் சூடான பசையின் வாடை வந்தது.

முன்னறைக்கு ஓடினாள். சோபாவின் மேல் நின்றுகொண்டிருந்தாள் ஷிராஸ். குளூ கன்னின் ஒயர் சுவர் பிளக்கில் செருகியிருந்தது.

"பாபா கீழ விழுந்து கெடந்தாரு உம்மி, பாவம். நானே ஒட்டிட்டேன். நூலும் சுத்திட்டேன் பாரு, இனிமே பிச்சுக்கவே பிச்சுக்காது."

பெருமையாகச் சிரித்தாள். இரண்டு பொம்மைக் கைகளையும் சேர்த்துச் சிவப்புக் கம்பளி நூல் சுற்றுமேல் சுற்றாக இறுகியிருந்தது. அதன் மேல் கட்டி கட்டியாகப் பசை. நூலில் ஏற்கெனவே ஈரம் ஊறிவிட்டது.

ரவ்தா கத்தரியை வைத்து அழுத்தினாள். வழுக்கியது. பல்லால் கடித்தாள். வாயெல்லாம் உப்பு. அறுபடவில்லை.

"உம்மி, பாபா இழுக்கறாரு."

ஷிராஸின் வலது கை தானாக உயர்ந்தது. கடல் பக்கத்து ஜன்னலை நோக்கி விறைத்து நீண்டது. அங்கே யாரும் இல்லை. மணிக்கட்டில் மட்டும் நான்கு விரல்கள் அழுந்திய குழி. முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சோபாவிலிருந்து சரிந்தாள். தரையில் பாதம் இழுபட்டது.

ரவ்தா பாய்ந்து இடது கையைப் பிடித்தாள்.

"லஸ்ஸாத்! விடுங்க! நம்ம பிள்ளை அது!"

இழுப்பு நிற்கவில்லை.

"அக்கா! நஜ்வாக்கா!"

யாரும் வரவில்லை.

"நீயும் வாயேன் உம்மி" என்றாள் ஷிராஸ். பயமே இல்லாத குரல்.

சுவரில் குழந்தைப் பொம்மை கழுத்துவரை கருத்திருந்தது. ரவ்தாவின் சட்டைக்கையும் நனைந்து மணிக்கட்டில் ஒட்டியது. சில்லென்று.

விட்டால் போய்விடுவாள். விடவில்லை.

ஷிராஸ் இன்னும் ஏதோ சொல்ல வாய் திறந்தாள். சொல் வரவில்லை. தெளிந்த தண்ணீர் மட்டும் உதடுவரை நிறைந்து நின்றது. மெல்ல வழிந்தது. அதற்கு மேலே இரண்டு கண்களும் சிமிட்டாமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தன.