நடு ஏணியில் ஒரு மூச்சு

ராஜகுமார் ஏணியில் கால் வைத்ததும் மேலே டிவி அணைந்தது. நேற்றும் அப்படித்தான். ஆறு வயது மகளுக்குக் கார்ட்டூன் அலுத்துப்போகும் நாள் ஒன்று வரலாம். ஆனால் அது தினமும் அவன் வரும் நேரம் பார்த்து வராது.

தாராவியில் அவன் வீடு, தோல் பை தைக்கும் பட்டறைக்கு மேலே. சந்திலிருந்து செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி, அதன் உச்சியில் கதவு. அவன் பிறந்தது அங்கேதான். அவன் அப்பா சுயம்பு குடித்துவிட்டு வீட்டில் எல்லாரையும் அடித்ததும் அங்கேதான். பள்ளி விட்டு வருகிறவன் ஏணியின் நடுவில் நின்று, மூச்சை அடக்கி, மேலே காது கொடுப்பான். பாத்திரம் உருண்டால் ஒரு மாதிரி, பாட்டு கேட்டால் வேறு மாதிரி. மற்ற பிள்ளைகள் வாய்ப்பாடு படித்த வயதில் அவன் இதைப் படித்தான். தேறியும் விட்டான், புருவத்தில் ஒரே ஒரு தழும்போடு.

சுயம்பு செத்துப் பல வருடமாயிற்று. ராஜகுமார் குடிப்பதில்லை. இருமல் மருந்தைக்கூட லேபிளைப் படித்துவிட்டுத்தான் வாங்குவான். பெரும்பாலும் வாங்காமல் இருமிக்கொண்டே திரும்புவான். குடிக்காதவர்களுக்கென்று அந்தச் சந்தில் ஒரு சங்கம் வைத்தால் தலைவர் அவன்தான், பொதுக்குழுவும் அவன்தான். மகள் தன்னைக் கண்டு பயப்படக் கூடாது. வாழ்க்கையில் அவன் கேட்டது அது ஒன்றுதான்.

ஆனால் நடு ஏணியில் நிற்பதை மட்டும் விட முடியவில்லை. கால் தானாக நின்றுவிடும். காது தானாக மேலே போகும்.

மறுநாள் மழையில் குர்லாவில் தண்டவாளம் மூழ்கியதால் அலுவலகத்தை மதியமே மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தவன் எழுந்தபோது கரண்ட் இல்லை. தகரக் கூரையில் மழை விடாமல் அறைந்தது. கீழே பட்டறையிலிருந்து பசை வாடையும் ஊறிய தோலின் வாடையும் பலகை இடுக்கு வழியாக ஏறி வந்து, சாயங்காலத்திலேயே இருண்டுவிட்ட அறையில் ஈரத் துணிகளின் வாடையோடு கலந்து, அசையாமல் நின்றது.

ஏணியில் காலடி கேட்டது.

ஏறியது. நடுவில் நின்றது.

மனைவி பொன்செல்வி கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். மகள் போர்வைக்குள் நுழைந்தாள்.

"யாரு அது?" என்றான் ராஜகுமார்.

"நீங்கதான்."

"நான் இங்கல்லா இருக்கேன்."

பொன்செல்வி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெனமும் இப்படித்தான வந்து நிக்கீங்க. ஏறவும் மாட்டீங்க, எறங்கவும் மாட்டீங்க. மூச்சு மட்டும் கேக்கும். அந்த மூச்சுக்குத்தான் பிள்ளைக்குப் பயம்."

"நான் குடிக்கேனா? என்னைக்காவது கை நீட்டிருக்கேனா?"

"இல்ல. அதான் எப்ப நீட்டுவீங்கன்னு தெரியல."

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "சுப், பேசாதீங்கப்பா. கேட்டுரும்."

ராஜகுமார் சிரிக்கப் பார்த்தான். எழுந்து போய்க் கதவைத் திறந்தான்.

சந்து முழுக்க இருட்டு. மழை. நடு ஏணியில் ஒரு பையன்.

நனைந்த பள்ளிச் சட்டை. கம்பியைப் பற்றிய சின்ன விரல்கள். தலையைச் சாய்த்து, ஒரு காதை மேலே கொடுத்திருந்தான். கிழிந்த புருவத்திலிருந்து ரத்தம் மழையில் கரைந்து வழிந்தது. ராஜகுமாரின் கை தன் புருவத்துக்குப் போனது. அதே இடம்.

பையன் நிமிர்ந்தான். சுயம்புவைப் பார்த்த கண்களால் அவனைப் பார்த்தான்.

அக்குளுக்குக் கீழே ஏதோ உரசியது. மகள். பிடிப்பதற்குள் நழுவி, ஏணியில் இறங்கி, பையனுக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டாள். பழகிய இடம்போல.

"இன்னைக்கு எப்படி இருக்காரு?" பையன் கிசுகிசுத்தான்.

அவள் அப்பாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். வேண்டாம் என்பதுபோல.

"பாப்பா," என்று ராஜகுமார் வாயைத் திறந்தான். "மேல வா."

வார்த்தைகள் குழறின. கூடவே வந்தது. புளித்த சாராய நெடி. சந்திலிருந்து அல்ல. கீழேயிருந்து அல்ல. சூடாக, அவன் வாயிலிருந்து.

முதுகுக்குப் பின்னால் பொன்செல்வியின் வளையல்கள் சுவரோரம் ஒதுங்கின.

ஏணியில் இரண்டு பிள்ளைகளும், அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், கைகோத்துக்கொண்டு ஒரு படி கீழே இறங்கினார்கள்.